பாலாலயத்தில் ஒரு ரயில் நிலையம்

ஒரு தகரக் கொட்டகையைப் பார்த்து வயிறெரிந்த ஆர்க்கிடெக்ட் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதிலும் பத்து வருஷமாகத் தகரக் கொட்டகை போட்டே சோறு தின்றவள். திருப்பூரில் எங்கள் தொழிலுக்கு வேறென்ன வேலை இருக்கிறது? பனியன் கம்பெனிக்கு ஷெட் வரைந்து கொடுக்க வேண்டும். நீளமான ஷெட், அகலமான ஷெட், தலையில் இன்னொரு ஷெட்டைச் சுமக்கிற ஷெட். வளைவு, தூண், உத்தரம் என்று கல்லூரியில் படித்ததெல்லாம் பட்டச் சான்றிதழோடு பீரோவுக்குள் கிடந்தது.

அதனால், கொறங்காட்டுப்புதூர் ரயில் நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலை அனுசுயா என்கிற என் பெயருக்கு வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. திருப்பூருக்கும் சோமனூருக்கும் நடுவே, சோளக்காட்டைப் பார்த்தபடி நிற்கிற கருங்கல் கட்டடம் அது. வெள்ளைக்காரன் காலத்தில் பருத்தி மூட்டை ஏற்றுவதற்காகக் கட்டியது. முகப்பில் மூன்று வளைவு, ஆள் உயர ஜன்னல்கள் வைத்த காத்திருப்பு அறை, தேக்கு உத்தரத்தின் மேல் ஓடு. வண்டி நிற்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு அங்கே நின்றதெல்லாம் ஆடுகள்தான். இப்போது அதை ஊர்க் கமிட்டியின் பராமரிப்பில் விட்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஊருக்கு நூலகம், ஒரு பக்கம் சுற்றுலா வருகிறவர்களுக்குக் காட்சிக்கூடம், பின்னால் காபிக் கடை என்று திட்டம்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. திறப்பு விழா அன்று ஜனங்கள் நடு வளைவுக்குள் நுழைந்ததும் தலையைத் தூக்கி மேலே பார்க்க வேண்டும். ஷெட்டுக்குள் நுழைகிற யாரும் தலையைத் தூக்குவதில்லை. பத்து வருஷமாக நான் கவனித்திருக்கிறேன்.

கமிட்டித் தலைவர் மகுடேஸ்வரன். எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளி. ரயில் பாதையை ஒட்டித் தோட்டம் உள்ளவர். ஊரில் மூன்று கோயில்களுக்குக் கும்பாபிஷேகம் நடத்திய கை. செயலாளர் குமாரவேல், நெசவுக் குடும்பத்துக்காரர், தைப்பூசத்துக்குத் தவறாமல் பழனிக்கு நடப்பவர். டையிங் லேப் வைத்து, துணியின் சாயம், அதை வாங்குகிற பையர் கேட்ட நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் தொழில். முதல் கூட்டத்தில் நான் வரைபடங்களை விரித்து, தொண்டை வறண்டுபோகிற அளவுக்குப் பேசினேன். மகுடேஸ்வரன் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் அவரிடமிருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

“எல்லாஞ் செரிங்க அம்மிணி. பாலாலயம் எப்பொ வெச்சுக்கலாமுங்க?”

கோயில் திருப்பணி தொடங்குமுன் மூலவரின் சக்தியைக் கலசத் தண்ணீரில் இறக்கி, அதை அத்திப் பலகையில் எழுதிய படத்துக்கு மாற்றி, ஒரு சின்னக் கொட்டகையில் வைத்துப் பூசை செய்வார்கள். அதுதான் பாலாலயம். கும்பாபிஷேகம் ஆகும்வரை சாமி அங்கேதான். கருவறையில் இருப்பது வெறும் கல். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் இது ரயில் நிலையமாயிற்றே என்றேன். ஆமாங்க என்றார்கள் எல்லாரும். உள்ளே சாமி ஏதும் இல்லையே என்றேன். அதற்கும் ஆமாங்க என்றார்கள். எங்கள் பக்கத்து மரியாதையில் இது ஒரு தொல்லை. யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள், நினைத்ததை விடவும் மாட்டார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில்தான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் புதுக் கட்டடம் என்றால் கம்பெனி. பழைய கட்டடம் என்றால் ஜேசிபி. பழையதை இடிக்காமல் புதுப்பிக்கிற காரியத்தை இவர்கள் வாழ்க்கையில் ஒரே ஓர் இடத்தில்தான் செய்திருக்கிறார்கள். அது கோயில். அங்கே என்னென்ன முறை உண்டோ அவ்வளவும் சேர்ந்ததுதான் இவர்களுக்குப் புதுப்பித்தல். பாலாலயம் செய்யாமல் ஒரே ஓர் ஓட்டைக் கழற்றினாலும் கழற்றுகிறவன் குடும்பத்துக்கு ஆகாது என்று குமாரவேல் மிகப் பணிவாகச் சொல்லியிருந்தார். மறுநாள் போனால் கொத்தனார்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

குருக்களாவது மாட்டேன் என்பார் என்று நம்பினேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, ஆகமத்தில் ரயிலடிக்கு விதி எதுவும் சொல்லவில்லை என்றார். கூடாது என்று சொல்லியிருக்கிறதா என்று மகுடேஸ்வரன் கேட்டார். அப்படியும் சொல்லவில்லை என்று குருக்கள் ஒத்துக்கொண்டார். மூலவர் எது என்பதை மட்டும் கமிட்டியே முடிவுசெய்து சொல்லட்டும் என்று கழன்றுகொண்டார். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. சிக்னல் கம்பம்தான் மூலவர் என்று ஒரு கட்சி. வெட்ட வெளியில் நிற்பது எப்படி மூலவராகும், வேண்டுமானால் காவல் தெய்வமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று இன்னொரு கட்சி. கடைசியில் டிக்கெட் ஜன்னல் மூலவர், ஊர்ப் பெயர்ப் பலகை உற்சவர் என்று தீர்மானம் ஆனது. பெரிய ஆள் சின்ன ஆள் எல்லாரும் வரிசையில் வந்து, குனிந்து, கேட்டு வாங்கிக்கொண்டு போகிற இடம் அதுதானே என்று குமாரவேல் கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். என் தலையும் ஆடியது.

மகுடேஸ்வரன் தோட்டத்தில், ரயில் வேலிக்கு இந்தப் பக்கமாக, தகரக் கொட்டகை போட்டார்கள். அதற்கு வரைபடம் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து கொடுத்திருப்பேன். சித்திரை மாதத்தில் ஒரு நல்ல நாள் பார்த்து, அத்திப் பலகையில் டிக்கெட் ஜன்னலை எழுதி, யாகம் வளர்த்து, கலசத்தை நாதஸ்வரத்தோடு கொண்டுபோய் உள்ளே வைத்தார்கள். வாசலில் ஒரு மூங்கிலை நட்டு அதில் சிவப்புப் பட்டு கட்டினார்கள். அன்றிலிருந்து என் கட்டடத்துக்குள் எல்லாரும் செருப்புக் காலோடு நடமாடினார்கள். கொட்டகை வாசலில் மட்டும் கழற்றினார்கள்.

வேலை நடந்தால் சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நன்றாகவே நடந்தது. அரித்துப்போன உத்தரங்களை மாற்றினோம். கல் இடுக்குகளில் பிற்காலத்தில் யாரோ அப்பியிருந்த சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து வைத்தோம். நடு வளைவின் உச்சிக்கல்லைத் துடைத்த அன்று அதில் ஒரு பருத்திக் காய் செதுக்கியிருந்தது தெரிந்தது. நான் கத்திக் கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. எல்லாரும் கொட்டகையில் உச்சிப் பூசைக்குப் போயிருந்தார்கள்.

கொட்டகைக்குக் கூட்டம் சேர்ந்ததற்கு ஒரு பீகார்ப் பையன்தான் காரணம். ஊருக்குப் போக எடுத்த டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்டில் கிடக்கிறது என்று பலகையின் முன்னால் போனை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். மறுநாள் டிக்கெட் கன்பார்ம் ஆகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பாதிக் கம்பெனிகளின் வடநாட்டுப் பையன்கள் அங்கே வரிசையில் நின்றார்கள். டிக்கெட்டின் நகலைச் சுருட்டி மஞ்சள் கயிற்றில் மூங்கிலில் கட்டினார்கள். தட்கல் திறக்கிற நேரத்துக்குக் குருக்கள் தனியாக ஓர் ஆரத்தி வைத்தார். சுற்றுலாக்காரர்களும் வந்தார்கள். என் வளைவுகளுக்கு முதுகைக் காட்டி நின்று கொட்டகையைப் படம் எடுத்துக்கொண்டார்கள். மகுடேஸ்வரனின் ஜெர்மன்காரப் பையர் ஒருவர் கொட்டகைக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு, இந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். பக்கத்தில் இருந்த கருங்கல் கட்டடத்தைக் காட்டி, அது குடோனா என்று கேட்டாராம்.

அடுத்த காரியத்தைச் செய்தது ஆடிக் காற்று. மூங்கிலில் இருந்த சிவப்புப் பட்டு அவிழ்ந்து, ஒரு முனை மட்டும் கம்பைப் பிடித்துக்கொண்டு, பாதைப் பக்கமாகப் படபடவென்று பறந்தது. திருப்பூர் போகிற காலைப் பாசஞ்சர் அதைப் பார்த்து நின்றுவிட்டது. சிவப்பைப் பார்த்தால் ரயில் ஓட்டுகிறவர் நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஊர் அதை அப்படிப் பார்க்கவில்லை. மகுடேஸ்வரன் வேலியைத் தாண்டிப் போய் ஓட்டுநருக்கு மாலை போட்டுத் தலையில் பரிவட்டம் கட்டினார். என்ஜினுக்குச் சூடம் காட்டினார்கள். கையில் சாப்பாட்டுப் பையோடு கம்பெனி வேனுக்குக் காத்திருந்த பெண்கள் கொஞ்சம் பேர், நின்ற வண்டியை விடுவானேன் என்று ஏறிக்கொண்டார்கள். சாயங்காலமும் காற்று அடித்தது. திரும்பி வந்த பாசஞ்சரும் நின்றது. அவர்கள் இறங்கி வீட்டுக்கு நடந்தார்கள்.

ஒரு வாரம் இப்படி ஓடியபிறகு விசாரிக்க ஒரு ரயில்வே அதிகாரி வந்தார். சிவப்புக் கொடி காட்டியது யார் என்று அதட்டினார். கொடி இல்லீங்க, அது சாமி பட்டுங்க என்றார்கள். அவிழ்த்துப் போடுங்கள் என்றார். கும்பாபிஷேகம் வரைக்கும் அதில் கை வைக்கக் கூடாதுங்க என்றார்கள். கொட்டகை இருப்பது தனியார் தோட்டம், அங்கே அவர் அதிகாரம் செல்லாது. அவருக்கு மோர் கொடுத்தார்கள். இரண்டாவது டம்ளரில் அவர் தன் கஷ்டத்தைச் சொன்னார். நிற்கக் கூடாத இடத்தில் வண்டி நின்றால் ஒவ்வொரு தடவையும் மேலே விளக்கம் எழுத வேண்டுமாம். நிற்க வேண்டிய இடத்தில் நின்றால் எழுத வேண்டாமாம். மூன்றாவது டம்ளரில் அவர் முகம் தெளிந்தது. ஒரு மாதத்தில் உத்தரவு வந்துவிட்டது. பாலாலயம் நடக்கும் காலம் முழுவதும் காலை, மாலைப் பாசஞ்சர்கள் கொட்டகைக்கு எதிரே தற்காலிகமாக நிற்கும். திருப்பணி முடிந்து கும்பாபிஷேகம் நடக்கும் நாளில் இந்த ஏற்பாடு தானாகவே ரத்தாகும்.

அதைப் படித்துவிட்டு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். என் வேலை முடிகிற அன்று வண்டி நின்றுபோகும் என்றுதான் அதற்கு அர்த்தம் என்பது, சிரித்தபோது என் மண்டையில் ஏறவில்லை. ஊருக்கு அன்றைக்கே ஏறிவிட்டது.

முதலில் குமாரவேல் வந்தார். வெளிச்சுவருக்கு, பழைய பூச்சைச் சுரண்டிப் பார்த்துக் கண்டுபிடித்த அதே வெளிர் மஞ்சளைச் சுண்ணாம்பில் கலந்து பூசியிருந்தேன். அவர் லேபிலிருந்து விளக்குப் பெட்டியைக் கொண்டுவந்து, சுவரின் ஒரு சில்லை அதற்குள் வைத்துப் பார்த்தார். வெயிலில் ஒரு மாதிரியும் டியூப்லைட்டில் ஒரு மாதிரியும் தெரிகிறதாம். துணிக்கு மாதிரிச் சாயம் போடுவதுபோல லேப் டிப் நாலு போட்டுக் காட்டச் சொன்னார். ஏ, பி, சி, டி என்று சுவரில் நாலு கட்டம் பூசினேன். பி கிட்டத்தட்ட வந்துவிட்டது, ஆனால் சிவப்பு ஒரு பொட்டு தூக்கல் என்றார். மறுபடி நாலு. மறுபடி நாலு. பையர் ஓகே சொல்லாமல் மொத்தத் துணிக்கும் சாயம் ஏற்ற, பல்க் போக, முடியாதல்லவா என்று வேறு கேட்டார். இந்தக் கட்டடத்துக்குப் பையர் யார் என்று கேட்டேன். அதைத்தான் நாங்களும் யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிகளில் செக்கிங் வேலை பார்க்கிற ஊர்ப் பெண்கள் மொத்தமாக வந்து இறங்கினார்கள். துணியில் குறை இருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர்கள் வழக்கம். சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது கட்டடத்துக்கே அம்மை போட்டிருந்தது. கருங்கல்லில் இருந்த கரும்புள்ளிக்கெல்லாம் ஸ்டிக்கர். இரண்டு வளைவுகள் அளவில் ஒரு நூல் வித்தியாசம் என்று ஸ்டிக்கர். பருத்திக் காயைச் செதுக்கியவன் நூறு வருஷத்துக்கு முன்னால் செய்த கோணலுக்கும் ஏணி போட்டு ஏறி ஒட்டியிருந்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நேராகப் போய்க் குமாரவேலின் லேபில் நின்றேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது உங்களைப் பார்த்துத்தான் சொன்னது என்று கத்தினேன். அவர் நாற்காலியை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

“ஷேடு மொத நாளே செரியாத்தானுங்க இருந்துச்சு. முடிஞ்சுபோச்சுன்னா வண்டி நிக்காதுங்களே அம்மிணி.”

வண்டி நிற்பதற்காக என் கட்டடத்தைச் சாகும்வரை குறைப் பிரசவமாகவே வைத்திருக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். அவர் எனக்கு ஒரு டீ சொன்னார்.

மகுடேஸ்வரனிடம் முறையிட்டேன். அவர் கோபப்படுவாரோ என்று பயந்துகொண்டேதான் போனேன். அவரோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்கூடவே கிளம்பி வந்தார். முதலாளி கையாலேயே ஸ்டிக்கர்களைக் கிழித்தார். பி ஷேடு ஓகே என்றார். தை மாதம் முகூர்த்தம், அதற்கு மேல் ஒரு நாள் தள்ளக் கூடாது என்று கமிட்டிக்குச் சொல்லிவிட்டார். இந்த ஊரில் கட்டடத்தின் அருமை தெரிந்த ஒரே மனுஷன் என்று அவரை நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் திருப்பூரில் எனக்கு வேலை இருந்தது. என் காரை விருந்தாளிகளை அழைத்து வர எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சரி, போகிறபோக்கில் இந்தப் பாசஞ்சரில் ஒரு தரமாவது போய்ப் பார்ப்போம் என்று கொறங்காட்டுப்புதூருக்குச் சாயங்கால வண்டியில் ஏறினேன். பெட்டி நிறையக் கம்பெனிப் பெண்கள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் சின்னத்தாய். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, மகுடேஸ்வரன் கம்பெனியில் டெய்லராக இருப்பவள். கொறங்காட்டுப்புதூரில் லைன் வீட்டில் புருஷனோடும் பள்ளிக்கூடம் போகும் மகளோடும் குடியிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டு, நாளையோடு வண்டி நிற்காதாமே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் மேல் கோபம் எதுவும் காட்டவில்லை. வெள்ளரிப் பிஞ்சு வாங்கி எனக்கும் ஒன்று கொடுத்தாள்.

முன்பெல்லாம் கம்பெனி வேனில்தான் போய் வந்தாளாம். ராத்திரிவரை நீளும் ஒன்றரை ஷிப்ட் முடியாமல் வேனை எடுக்க மாட்டார்கள். ஒரு ஷிப்ட்டோடு கிளம்புகிறேன் என்று சொல்ல யாருக்கும் வழியில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், வயிற்று வலி என்றாலும் சூப்பர்வைசரிடம் ஒரு பதில் இருக்கும். இந்த வண்டி நிற்க ஆரம்பித்தபிறகுதான் அவர்களுக்கு ஒரு வார்த்தை கிடைத்தது. வண்டிக்கு நேரமாச்சு என்று எழுந்துவிடுவார்கள். அதற்கு மட்டும் சூப்பர்வைசரிடம் பதில் இல்லை. ரயில் யாருக்காகவும் காத்திருக்காது என்று அவனுக்கும் தெரியும். ஒருத்தி எழுந்ததைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து அதற்கடுத்தவள் என்று இப்போது பொழுது சாய்ந்தால் தையல் லைனே காலியாகிவிடுகிறதாம். ஷிப்மெண்டுக்கு நாள் தவறுகிறது என்று முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை எனக்கு அங்கே, அந்த ஜன்னலோர சீட்டில், புரிந்தது. அந்த ஓநாயைத்தான் நான் கையெடுத்துக் கும்பிட்டிருந்தேன்.

சின்னத்தாய் மகளைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“இப்ப அவ எங்கிட்ட பொய் சொல்லுதாக்கா. வீட்டுப்பாடம் முடிச்சிட்டேம்பா, நோட்டத் தொட்டிருக்கவே மாட்டா. முன்னெல்லாம் நான் போகையில தூங்கிருப்பா. பொய் சொல்லக்கூட எங்களுக்கு நேரம் கெடையாதுல்லா.”

கொட்டகைக்கு எதிரே இறங்கினோம். எல்லாரும் ஊருக்குள் நடந்துவிட்டார்கள். நான் மட்டும் பாதையோரம் நின்று என் கட்டடத்தைப் பார்த்தேன். மேற்கு வெயிலில் அந்த மஞ்சள் சுவர் பழுத்த கொய்யா மாதிரி இருந்தது. இதற்கு நான் என்ன செய்ய முடியும், வண்டி நிற்பதும் நிற்காததும் கட்டுகிறவள் பாடா, வேண்டுமானால் மனு எழுதிப் போடட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சின்னத்தாய் கொடுத்த வெள்ளரிப் பிஞ்சைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் ஊரே திரண்டிருந்தது. வேலைக்குப் போக வேண்டிய பெண்கள் சாப்பாட்டுப் பையோடு ஓரமாக நின்று, ஒரு கண் யாகசாலையிலும் ஒரு கண் ரயில் பாதையிலுமாக இருந்தார்கள். அவர்களுக்குக் கடைசிக் காலை வண்டி இன்னும் வரவில்லை. நடு வளைவுக்குப் பக்கத்தில் பனியன் துணி போட்டு மூடிய ஒரு கல்வெட்டு இருந்தது. மகுடேஸ்வரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, துணியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். அவர் பெயருக்கும் மேலே, என் பெயர் வெட்டியிருந்தது. என் பெயரைக் கல்லில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஷெட்டுகளில் யாரும் ஆர்க்கிடெக்ட் பெயரை எழுதுவதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

குருக்கள் கலசத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கொட்டகையிலிருந்து வந்தார். நாதஸ்வரமும் தவிலும் முன்னால் வந்தன. கோயிலில் என்றால், கலசம் வாசற்படி தாண்டுமுன் ஸ்தபதி வந்து வேலை பூர்த்தியாகிவிட்டது என்று சபையில் சொல்ல வேண்டும். இங்கே ஸ்தபதி நான். என் தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டினார்கள். மேளம் நின்றது. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். திருப்பணி பூர்த்தியாச்சா என்று குருக்கள் முறைப்படி கேட்டார். நான் அண்ணாந்து உச்சிக்கல்லைப் பார்த்தேன். என் கட்டடத்தில் எந்தக் குறையும் இல்லை. அவ்வளவு ஸ்டிக்கர் ஒட்டியவர்களுக்கும் அது தெரியும்.

“இல்லீங்க. சுண்ணாம்பு இன்னும் காயலீங்க.”

மகுடேஸ்வரன் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். திருப்பிப் புறங்கையையும் வைத்துப் பார்த்தார்.

“காஞ்சுதானுங்க இருக்குது அம்மிணி.”

“மேலாக்கத்தானுங்க. உள்ளுக்குள்ள இன்னும் இறுகீட்டுத்தான் இருக்குதுங்க.”

“முழுசா இறுக எத்தன நாளாகுமுங்க?”

நல்லவேளை, எனக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. சுண்ணாம்புச் சாந்து காற்றைக் குடித்துத்தான் கல்லாகிறது. கனத்த சுவரென்றால் வருஷக்கணக்கில் குடித்துக்கொண்டே இருக்கும். இதைத் தேர்வில் எழுதி நான் மார்க் வாங்கியிருக்கிறேன்.

“நூறு வருசம் ஆகுமுங்க.”

குமாரவேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சுவரில் கன்னத்தை வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு, ஈரம் இருக்குதுங்க என்று சபைக்கு அறிவித்தார். மகுடேஸ்வரன் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. ஆனால் மூன்று கும்பாபிஷேகம் செய்த மனுஷன் அவர். பூர்த்தியாகவில்லை என்று ஸ்தபதி வாயால் வந்தபிறகு கலசத்தைப் படி தாண்டவைத்தால், அந்தத் தோஷம் எங்கே வந்து விடியும் என்று அவருக்குத் தெரியும். செரிங்க என்றார். கல்வெட்டின் மேல் துணியை இழுத்து, கீழ் ஓரத்தை ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினார். குருக்கள் கலசத்தோடு திரும்பி நடந்தார். அதற்குள் வண்டி ஊதியது. பெண்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் மேளமும், மேளத்துக்குப் பின்னால் ஊரும் கொட்டகைப் பக்கம் போய்விட்டது.

காத்திருப்பு அறையில் நான் மட்டும் இருந்தேன். அழுதேன். அது கொஞ்ச நேரத்தில் அடங்கியது. அப்புறம் கொத்தனாரைக் கூப்பிட்டு, கிழக்குச் சுவரில் ஒரு முழத்துக்குப் பூச்சை உடைத்துவிட்டுப் புதிதாகப் பூசச் சொன்னேன். நாளைக்கே அந்த ரயில்வே அதிகாரி வந்து தொட்டுப் பார்த்தால் ஈரம் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு முழமாக உடைத்துக்கொண்டே போனால்தான் வேலை முடியாமல் இருக்கும், வண்டியும் நிற்கும். கொத்தனார் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து அவர் கையால் மெருகேற்றிய சுவர். தன்னால் முடியாது என்று சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

அதனால் முதல் அடியை நானே அடித்தேன். நல்ல பூச்சு. பெயர்ந்து வர வெகுநேரம் ஆயிற்று.